மூன்று பத்தில் நின்ற முள்

எங்கள் சட்டைத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரெண்டுவாட்டி அக்கா என்றால் வாசல் காவலாளி வரை தெரியும். பட்டனை ஒருமுறை இழுத்துப் பார்த்துச் சட்டையைப் பக்கத்தில் வைப்பாள். மனசு கேட்காமல் எடுத்து இன்னொரு முறை இழுப்பாள். லாக்கரைப் பூட்டிப் பத்தடி நடந்தபின் திரும்பி வந்து பூட்டில் தொங்கிப் பார்ப்பாள். குடிதண்ணீர் கொதிக்கவைத்ததா என்று இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்பாள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால், பேசிவைத்துக்கொண்டார்களோ என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

பதினோரு வருடம் நான் அவளுக்கு எதிர் நாற்காலி. ஒரே மேஜை. அவள் பட்டனும் காலரும் பார்ப்பாள், நான் நூல் பிசிறு வெட்டுவேன். மேஜை நடுவில் ஒரு காந்தக் கட்டை இருக்கும். தையல் ஊசி உடைந்து அதன் துண்டு சட்டைக்குள் தங்கிவிட்டால் வாங்குகிற ஆள் மேல் குத்திவிடும் என்பதால், துணியின் மேல் ஓட்டிப் பார்க்க மேஜைக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள்.

அந்த வருடம் புதிதாக ஒரு விதி வந்தது. செல்போனுக்கு ஏற்கெனவே தடை. யாரோ ஒருத்தி கைக்கடிகாரத்தில் இருந்த கேமராவால் உள்ளே படமெடுத்துவிட்டாளாம்; இனி பேட்டரி போட்ட எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்றார்கள். எல்லோர் கைக்கடிகாரமும் லாக்கருக்குப் போயிற்று. உள்ளே நேரம் சொல்ல மிச்சமிருந்தது சுவரில் தொங்கிய பெரிய வட்டக் கடிகாரம் ஒன்றுதான். மணி முள் உண்டு, நிமிட முள் உண்டு. நொடி முள் கிடையாது. மேலாளர் அறையிலிருந்து வந்த வயர் ஒன்றில் அது ஓடியது; சங்கும் அதைப் பார்த்துத்தான் ஊதுவார்கள்.

இரண்டு மாதம் போயிருக்கும். அக்காவுக்குப் பஸ் தவற ஆரம்பித்தது. ஐந்தரைக்குச் சங்கு, ஐந்து ஐம்பதுக்குப் பஸ். முன்பெல்லாம் நிறுத்தத்தில் நின்று கொட்டாவி விட நேரமிருக்கும். இப்போது பஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது. லாக்கர் சந்தில் முந்நூறு பேர் முண்டியடித்தால் வேறென்ன ஆகும் என்று நாங்கள் சொன்னோம். அவள் கேட்கவில்லை. ஒருநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய் நிறுத்தத்தில் காத்திருந்து கண்டக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"தினம் முன்னாடியே எடுத்துட்டுப் போயிடறீங்க. கேக்க ஆளில்லைன்னு நெனப்பா?"

அவர் மணி பார்த்துக் காட்டினார். "அம்மா, அஞ்சு அம்பதுன்னா அஞ்சு அம்பதுதான். உங்க கம்பெனி சங்கு வேணா லேட்டா ஊதும். அதைப் போய்க் கேளுங்க."

அவர் எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் மறுநாள் முழுக்க அக்கா சட்டையைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தாள்.

அவள் கணவர் மோட்டார் காயில் கட்டுகிறவர்; எங்களுக்கு அவர் காயில்காரர். வீட்டு முன்னறைதான் பட்டறை. மின்விசிறி, தண்ணீர் பம்பு எல்லாம் வயிறு பிளந்து கிடக்கும், நடுவில் அவர் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருப்பார். எங்கள் தொழிற்சாலையின் தையல் இயந்திர மோட்டார்களும் அவரிடம்தான் வரும். அவருடைய பழைய கைக்கடிகாரம் ஒன்று அலமாரியில் கிடந்தது. கம்பி சுற்றும்போது மாட்டிக்கொள்கிறது என்று கழற்றி வைத்தது. தினமும் சாவி கொடுக்க வேண்டிய ரகம், பேட்டரி இல்லை. அதை அக்கா எடுத்துக்கொண்டாள்.

உடனே கட்டிக்கொண்டு வந்துவிடவில்லை. "அந்தச் சுவர்க் கடிகாரத்தோட பொய்யைப் பிடிக்கணும்னா மொதல்ல இது யோக்கியமான்னு தெரியணும்ல?" என்றாள்.

முதல் வாரம் காலை ஆறு மணிக்குச் செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை நொடி முந்துகிறது, எத்தனை பிந்துகிறது என்று பீரோ கதவின் உட்புறம் ஒட்டிய தாளில் எழுதினாள். செல்போன் மேலேயே சந்தேகம் வந்து, ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் 'பீப்' சத்தத்தோடு அதையும் சரிபார்த்தாள். சாவி எப்போதும் முப்பது திருகு, ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. அப்படியும் கணக்கு உதைத்தது. ஒருநாள் ஐந்து நொடி முந்தும், மறுநாள் எட்டு பிந்தும். கடிகாரத்தை வைக்கிற விதத்தில் விஷயம் இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடப் பத்து நாளானது. முகம் மேலே பார்க்கப் படுக்கவைத்தால் ராத்திரியில் முந்துகிறது. சாவித் திருகு கீழே இருக்கும்படி ஒருக்களித்து நிறுத்தினால் பிந்துகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது சமையலறை மேடையில் வெள்ளைத் துணி விரித்து, மழுங்கின கத்தியால் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே ஒரு குட்டிச் சக்கரம் இப்படியும் அப்படியுமாக உதறிக்கொண்டிருந்தது. அதன் அடியில் தலைமுடி மாதிரி ஒரு சுருள்கம்பி. பக்கத்தில் கூட்டல் குறிக்கும் கழித்தல் குறிக்கும் நடுவே, தள்ளினால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு சின்ன நெம்பு.

"மூச்சு விடாதடி" என்றாள்.

"நான் விடாம செத்துட்டா யாரு பொறுப்பு?"

"அந்தப் பக்கம் திரும்பிச் சாவு."

பல்குத்தும் குச்சியால் நெம்பைத் தொட்டாள். தொட்டது கூட எனக்குத் தெரியவில்லை. செல்போனில் 'டிக்' சத்தத்தைக் கேட்டுப் புள்ளிப் புள்ளியாகக் கோடு போடும் ஒரு செயலியை இறக்கி வைத்திருந்தாள். இயர்போன் ஒலிவாங்கியைக் கடிகாரத்தோடு ரப்பர் பேண்டால் கட்டியிருந்தாள். கோடு மேலே ஏறினால் முந்துகிறது, கீழே இறங்கினால் பிந்துகிறது. குச்சி பட்டதும் கோடு மாடிப்படி மாதிரி ஏறியது. ஒருநாளைக்கு நாற்பது நொடி! திரும்பக் கொண்டுவர அரை மணி நேரம். தூசி விழாமல் டம்ளரால் மூடுவாள், திறப்பாள், தொடுவாள், மறுபடி மூடுவாள். காயில்காரர் வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "என்கிட்ட ஒருநாளும் இவ்வளவு பொறுமையா பேசினதில்ல."

மூன்று வாரத்தில் அது ஒருநாளைக்கு மூன்று நொடி முந்துவதில் வந்து நின்றது. "மூணு செகண்டு பொய் சொல்லுது" என்றாள் அக்கா. "எந்தப் பக்கம் சொல்லுதுன்னு தெரிஞ்ச பொய். பரவால்ல."

வாசல் காவலாளி அதைக் காதில் வைத்துக் கேட்டார், புரட்டினார், விதியில் இடமில்லாததால் விட்டுவிட்டார்.

முதல் நாள் காலை எட்டு மணிக்குச் சுவர்க் கடிகாரமும் அவள் கடிகாரமும் ஒன்றாக இருந்தன. சாப்பாட்டு மணி பன்னிரண்டரைக்கு அடித்தது, அப்போதும் சரி. ஐந்தரைச் சங்கு ஊதியபோது அவள் கையில் ஐந்து முப்பத்தேழு. அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தற்செயலாக இருக்கும் என்று தன்னையே சந்தேகப்பட்டாளாம். ஆறு நாளும் அதே ஏழு நிமிடம்; மறுநாள் காலைக்குள் யாரோ முள்ளைச் சரிசெய்து வைத்துவிடுகிறார்கள். பிறகு மேஜையின் அடிப்பக்கம் சாக்குக்கட்டியால் அரை மணிக்கு ஒரு கோடு போட்டு, எந்த அரை மணியில் நேரம் தொலைகிறது என்று தேடினாள். அதற்கு ஒரு வாரம். அப்புறம்தான் என் காலை மேஜைக்கடியில் மிதித்தாள்.

"முள்ளைப் பாரு. தலையைத் தூக்காம பாரு."

மணி மூன்று பத்து. சூப்பர்வைசர் எண்ணிக்கை எடுக்க வரும் நேரம் அது. எல்லோரும் தலைகுனிந்து தங்கள் குவியலை எண்ணுவோம். கூடக் குறையச் சொன்னால் வசவு விழும். யாரும் சுவரைப் பார்க்க மாட்டார்கள். நான் நாற்பது சட்டை எண்ணினேன். முள் மூன்று பத்தில் இருந்தது. மறுபடி நாற்பது. அப்போதும் மூன்று பத்து. பிறகு ஒன்றுமே நடக்காதது போல முள் ஒரு குதி குதித்து மூன்று பதினொன்றுக்குப் போனது.  இத்தனை நாளாக யாரோ என் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது போல இருந்தது.

அன்று மாலை அக்கா காயில்காரரிடம் சொன்னாள். அவள் எதிர்பார்த்தது ஒரு ஆச்சரியம், ஒரு கோபம். அவர் செம்புக் கம்பியை விட்டுவிட்டு, "வயர்ல ஓடுற கடிகாரமா? மேனேஜர் ரூம்ல இருந்தா வருது?" என்று மட்டும் கேட்டார். அப்புறம், "விட்டுடேன். ஏழு நிமிஷம்தானே" என்றார். அக்காவுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. ஆனால் எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து சூப்பர்வைசர் எங்கள் மேஜையில் நின்றார். "என்னம்மா, பழைய வாட்செல்லாம் கட்டிக்கிட்டு வர்றீங்க? காட்டுங்க பாப்போம்." கழற்றி வாங்கிப் பார்த்தார், "நல்ல சாமான்" என்றார். அப்போது அக்காவைப் பக்கத்து வரிசையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் திரும்பிய நேரத்தில் அவர் அதைக் காந்தக் கட்டையின் மேல் வைத்தார். இங்கும் அங்கும் இரண்டு முறை நகர்த்தியது போலவும் இருந்தது. வேண்டுமென்றா, விளையாட்டாகவா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் திரும்பியதும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கடிகாரம் பதினொரு நிமிடம் முந்தியிருந்தது. செயலியில் கோடு நெட்டுக்குத்தாக ஏறியது.

அக்கா முதலில் பார்த்தது முன்னறையைத்தான். அங்கே அவர் மேஜையில் ஸ்பீக்கர் காந்தங்களை அடுக்கி வைத்திருந்தார். கடிகாரம் ராத்திரி எங்கே இருந்தது? அலமாரித் தட்டில். அலமாரிப் பக்கம் கடைசியாகப் போனது யார்? அவர். விட்டுடு என்று சொன்னது யார்? அவர். தொழிற்சாலை மோட்டாரெல்லாம் யாரிடம் வருகிறது?

"எத்தனை நாளா அவங்களுக்கு வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாளாம்.

"மோட்டார் வேலையா? நாலு வருஷமா. ஏன்?"

"மோட்டார் வேலை மட்டும்தானா?"

அவர் பதில் பேசவில்லை. அந்த மௌனத்தை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சோறு தனித்தனி, பேச்சு கிடையாது. கடிகாரத்தைத் தலையணை உறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாளாம். என்னிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டினாள். கொட்டி முடித்துவிட்டு, "நீ யார்கிட்டயாவது சொன்னியா?" என்று என் கண்ணுக்குள் பார்த்தாள். நான் இல்லை என்றேன். சொல்ல வேண்டிய இன்னொன்றைச் சொல்லவில்லை. சூப்பர்வைசர் நாலு மேஜை தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். எனக்கு வேலை வேண்டும். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டாம் நாள் மாலைதான் காயில்காரர் அவளைப் பேரம் பேசுவது போல மெதுவாக மடக்கியிருக்கிறார். ஒரு சின்னத் திசைகாட்டியை மேடையில் வைத்துவிட்டு, "உன் கடிகாரத்தை இதுகிட்ட கொண்டு வா, தூரமா நானே நின்னுக்கறேன்" என்றாராம். கொண்டு போனதும் திசைகாட்டியின் ஊசி கடிகாரத்தைத் துரத்திக்கொண்டு சுற்றியது.

"காந்தம் ஏறியிருக்கு. அந்த முடிக்கம்பி சுருள் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்குது, அதான் பறக்குது."

"எப்படி ஏறிச்சு?"

"என்னைக் கேட்டா? என் காந்தமெல்லாம் முன்னறை மேஜைலயே கெடக்கு, அலமாரிப் பக்கம் வந்ததில்ல. உன் மேஜைல என்ன இருக்கு?"

பிறகு காந்தத்தை இறக்க ஒரு காயிலுக்கு மின்சாரம் கொடுத்து, அதன் துளை வழியாகக் கடிகாரத்தை விட்டு மெல்ல வெளியே இழுத்தார். திசைகாட்டி அசையவில்லை. கோடு படுத்தது. அடுத்த நாள் அக்கா மேஜையில் உட்கார்ந்ததும் காந்தக் கட்டையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன்.

"முந்தாநாளே தெரியுமா உனக்கு?"

"தெரியும்க்கா."

"நான் அந்த மனுஷனோட ரெண்டு நாள் பேசல."

சொல்லிவிட்டு அடுத்த சட்டையின் பட்டனை இழுத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புகாரை அவள் ஒரு பக்கத்தில் எழுதினாள். பீரோ கதவுத் தாளையும் பார்த்து எழுதிச் சேர்த்து, தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்தாள். மூன்று வாரத்தில் ஓர் அதிகாரி வந்தார். வரப்போகிறார் என்று முந்தின நாளே எங்களுக்குத் தெரிந்தது, ஏனென்றால் ஹாலைக் கழுவிவிட்டார்கள். அன்று சுவர்க் கடிகாரம் பத்தரை மாற்றுத் தங்கம். மூன்று பத்தும் வந்தது, பதினொன்றும் வந்தது. அதிகாரி தன் செல்போனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மேலாளர் சிரித்த முகமாக, "பாவம், பழைய வாட்ச் சார். அவங்களே வீட்ல நோண்டி வெச்சிருக்காங்க. போன மாசம் ஒரே ராத்திரியில பத்து நிமிஷம் ஓடிருச்சாம்" என்றார். அந்தப் பதினொரு நிமிடக் கதை எங்கள் மேஜையைத் தாண்டி எப்படிப் போனது? அக்கா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அவள் கழுத்து கஷ்டப்பட்டது எனக்குத் தெரிந்தது. அந்தக் கதையை மேலாளரிடம் நான் சொல்லவில்லை. வேண்டுமானால் எதன் மேலும் சத்தியம் செய்வேன். ஆனால் முதல் முறை மறைத்தவள் இரண்டாம் முறை என்ன சொல்லி என்ன?

அன்று வீட்டில் அவள் அழவில்லை. கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தப்பு நம்மிடம்தானோ என்று தேடினாளாம். காயில்காரர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அதுல ஒன்னும் இல்ல. மூடு. நான் ஒன்னு சொல்லணும்."

முந்தின வருடம் மேலாளர் அறைக்குக் காற்றாடி மோட்டார் மாட்டப் போனபோது, சுவர்க் கடிகாரத்துக்குப் போகும் வயரில் ஒரு சுவிட்சு வைத்துத் தரச் சொன்னார்களாம். 'ரிப்பேர் வந்தா அணைக்கறதுக்கு' என்றார்களாம். கோப்பு அலமாரிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வைத்துக் கொடுத்தார். அப்போது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் மூன்று பத்தைச் சொன்ன மாலைதான் தோன்றியது.

"அன்னிக்கே தெரியும்" என்றாள் அக்கா.

"சந்தேகம்தான் வந்துச்சு."

"சந்தேகம் வந்தா சொல்லணும். நான் சொல்றேன்ல தினம்? இந்த வீட்ல என்னைத் தவிர யாருக்கும் சந்தேகமே வராதுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்."

"என் கையால வெச்சது. எப்படிச் சொல்வேன்?"

அவள் நெடுநேரம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். காந்த விஷயத்தில் அவரைத் தப்பாக நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்க அவள் அதுவரை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தைகளை எங்கே போடுவதென்று தெரியவில்லை என்றாள் என்னிடம்.

மறுநாள் இருவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். அவர் வாக்குமூலமாக எழுதி, சுவிட்சு இருக்கும் இடத்தைப் படமாகவும் வரைந்து கொடுத்தார். இந்த முறை அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று பத்து தாண்டியதும் சொல்லாமல் வந்தார். ஹால் கழுவியிருக்கவில்லை. நேராக மேலாளர் அறைக்குப் போய்க் கோப்பு அலமாரியை நகர்த்தச் சொன்னார். மணி மூன்று பதின்மூன்று. சுவரில் மூன்று பத்து. சுவிட்சு அணைந்திருந்தது.

அதன் பிறகு விஷயங்கள் மெதுவாக நடந்தன. பூசி மெழுக என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கடைசியில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, நொடி முள் உள்ள புதிய ஒன்றை வாசலைப் பார்க்க மாட்டினார்கள். வயர் இல்லாதது. மேலாளர் வேறு கிளைக்குப் போனார். சூப்பர்வைசர் இருக்கிறார். எங்களில் சிலர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர், "ஏழு நிமிஷத்துக்கா இத்தனை கலாட்டா" என்று அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். ஐந்து ஐம்பது பஸ்ஸில் இப்போது அவர்களும்தான் உட்கார்ந்து போகிறார்கள்.

இரண்டு மாதத்தில் அக்காவை இஸ்திரிப் பகுதிக்கு மாற்றினார்கள். நீராவி. நாள் முழுக்க நிற்க வேண்டும். ஆள் குறைவாம் அங்கே. காயில்காரருக்குத் தொழிற்சாலை மோட்டார் வருவது நின்றுவிட்டது. வீட்டு மின்விசிறியும் பம்பும்தான். அவர் அதைப் பற்றி முணுமுணுத்து நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. அவள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்: இன்று யார் வந்தார், என்ன மோட்டார், எங்கே சுவிட்சு வைத்தேன், எதற்கு வைத்தேன். அக்கா கேட்டுக்கொள்கிறாள். "சரி" என்கிறாள். அந்தச் சரியில் எவ்வளவு நம்பிக்கை என்று அளக்க எந்தச் செயலியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஹால் பெண்கள் வீட்டில் கிடந்த சாவிக் கடிகாரங்களை எடுத்துக்கொண்டு அவளிடம் போகிறார்கள். தாள் ஒட்டிய பீரோ கதவில் இப்போது ஏழெட்டு வரிசை. நானும் போன மாதம் ஒன்று வாங்கிக் கொண்டு போனேன். பதினேழு நொடி பிந்தியது. அவள் வழக்கம்போல வெள்ளைத் துணி விரித்தாள், மூடியைத் திறந்தாள், குச்சியை எடுத்தாள்.

"அன்னிக்கு மேனேஜர்கிட்ட நீ சொல்லல" என்றாள், தலையைத் தூக்காமல்.

அது கேள்வியா, முடிவா என்று எனக்குப் புரியவில்லை. "சொல்லலக்கா" என்றேன்.

"ம்" என்று நெம்பைத் தொட்டாள். கோடு லேசாக ஏறியது. "ஒரு வாரம் இங்கயே இருக்கட்டும். பாத்துட்டுத் தரேன்."